ஒரே துப்பாக்கி, இரண்டு எழுத்து

ஆயுதக் கிடங்கில் வேலை பார்ப்பவர் என்றால் முறுக்கிய மீசை இருக்கும், குரல் கனக்கும், நடந்தால் தரை அதிரும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். எண்ணெய் அண்ணனிடம் இந்த மூன்றும் இல்லை. ஒல்லி உடம்பு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக் கண்ணாடி, தும்மினால்கூட “மன்னிச்சுக்குங்க” என்று சொல்லும் சுபாவம். இருபத்தாறு வருடமாகக் காவல் துறையின் கைத்துப்பாக்கிகளைக் கழற்றித் துடைத்து, எண்ணெய் போட்டு, திரும்ப மாட்டிக் கொடுக்கிறார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. மற்றபடி பெரிய அதிகாரி முதல் வாசல் பெருக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவர் எண்ணெய் அண்ணன்தான். எத்தனை சோப்பு போட்டாலும் அந்த வாசனை போவதில்லை.

இத்தனை வருடத்தில் அவர் யாரையும் சுட்டதில்லை. சுட்டுவிடலாமா என்று தோன்றிய நாள்கள் உண்டு. அவை எல்லாமே கமிட்டி வந்த நாள்கள்.

கிடங்கில் இருப்பது ஒரே மாடல் கைத்துப்பாக்கி, ஆனால் இரண்டு வகை. நூற்று நாற்பது துப்பாக்கிகள் பதினான்கு வருடத்துக்கு முன்பு கப்பலில் வந்தவை. மீதி நூற்று எழுபது, அதே வரைபடத்தை உரிமம் வாங்கி நம் தொழிற்சாலையிலேயே செய்தவை. தூரத்திலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். கையில் எடுத்தால் தெரிந்துவிடும். இறக்குமதியின் உட்புறம் விரலை விட்டால் வழுக்கும். உள்நாட்டின் உட்புறத்தில் அரம் போட்ட கோடுகள் அப்படியே இருக்கும், யாரோ ஐந்து மணிக்குப் பேருந்தைப் பிடிக்க ஓடிய மாதிரி. அதில் அடித்திருக்கும் எண்கள் வேறு கொஞ்சம் சாய்ந்து நிற்கும். எடை பதினான்கு கிராம் கூடுதல். ஆனால் இறக்குமதியின் கறுப்புப் பூச்சு இரண்டு கோடைகாலத்து வியர்வையில் உரிந்துவிட்டது. உள்நாட்டுப் பூச்சு, பார்க்கத் தார் ரோடு மாதிரி இருந்தாலும், துரு பிடிக்க விடவில்லை.

“எண்ணெய் அண்ணே, ரெண்டுல எது நல்லது?”

இந்தக் கேள்வியை அவரிடம் கேட்காத ஆளே கிடையாது. கம்பிவலை ஜன்னலுக்கு வெளியே நின்று துப்பாக்கி வாங்குகிற ஒவ்வொருவரும் கேட்பார்கள். அவரும் இருபத்தாறு வருடப் பொறுமையோடு ஒரே பதிலைச் சொல்வார்.

“ரெண்டும் நல்லதுதான். கலக்காதீங்க.”

முதல் பாதியைக் கேட்டவுடன் எல்லோருக்கும் முகம் தொங்கிவிடும். இரண்டாவது பாதியைக் கேட்க ஆள் நிற்காது. விஷயமே அந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது என்பதுதான் அவருடைய வாழ்நாள் வயிற்றெரிச்சல்.

இங்கே மேகசினைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் பேருந்தில் விசிறிக்கொள்வதற்காக வாங்குகிற மேகசின் அல்ல. துப்பாக்கியின் கைப்பிடிக்குள் செருகுகிற, தோட்டா நிரப்பிய சின்னப் பெட்டி. அதன் விலாவில் ஒரு வெட்டு இருக்கும். துப்பாக்கிக்குள் இருக்கிற கொக்கி அந்த வெட்டில் போய் மாட்டிக்கொள்ளும். நம் தொழிற்சாலைக்காரர்கள் அந்த வெட்டை ஒரு நகக் கனம் மேலே போட்டுவிட்டார்கள். ஒரு நகக் கனம்தான். அதனால் உள்நாட்டு மேகசினை இறக்குமதித் துப்பாக்கியில் செருகினால், உட்கார்ந்தது மாதிரி இருக்கும், உட்கார்ந்திருக்காது. முதல் தோட்டா போகும். இரண்டாவது தோட்டா மூக்கு முட்டி நிற்கும். மாற்றிப் போட்டாலும் அதே கதைதான். அவரவர் மேகசின் அவரவரிடம் இருந்தால் இரண்டு வகையும் தங்கம்.

இந்த நிலையில்தான் அடுத்த தொகுதியாக எதை வாங்குவது என்று முடிவு செய்ய ஒரு கமிட்டி வந்தது. ஒரு தலைவர், ஒரு உறுப்பினர். உறுப்பினர் வெளிநாட்டுக் குளிர்கண்ணாடி போட்டிருந்ததால் கிடங்கில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர் விழுந்தது. தலைவர் நம் நாட்டுச் சரக்கின் ரசிகர். கண்ணாடிக்காரரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இருவரும் வரும்போதே பதிலோடுதான் வந்தார்கள். கேள்வியைத்தான் எண்ணெய் அண்ணன் தயாரிக்க வேண்டியிருந்தது.

பதினோரு நாள் உழைத்தார். எடை போட்டார். விசையை இழுக்க எவ்வளவு பலம் தேவை என்று தராசு மாட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் முந்நூறு தோட்டா சுட்டார். இருபத்தைந்து அடி தூரத்தில் இரண்டும் உள்ளங்கை அகலத்துக்குள் போட்டன. முந்நூறில் இதில் ஒரு சிக்கல், அதிலும் ஒரு சிக்கல். படிவத்தில் நாற்பது கேள்விகளுக்கும் சுத்தமாக எழுதினார். நாற்பத்தோராவது கேள்வி: எது சிறந்தது? எதிரே இரண்டு கட்டங்கள். ஏதேனும் ஒன்றில் மட்டும் குறியிடவும்.

அவர் இரண்டையும் காலியாக விட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி எழுதினார்.

தலைவர் படிவத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். “என்னப்பா இது, ஓரத்துல ஏதோ கிறுக்கியிருக்க?”

“கிறுக்கல் இல்லீங்கய்யா. ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. இதோட மேகசினை அதுல போட்டாத்தான் சிக்குது. அதைத்தான்...”

“அது கெடக்கட்டும். எது நல்லது?”

“ரெண்டும்தாங்க.”

“ரெண்டு டிக் போட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது.”

“போடாம விட்டா?”

“படிவமே செல்லாது.”

“ஒரே ஒரு வரிங்கய்யா. ‘ஒரு வகையின் மேகசினை மற்றதோடு கலக்கக் கூடாது.’ கடைசில சேத்துட்டா போதும்.”

“குறிப்புன்னு தனியா இடம் விட்டிருக்கா?”

“இல்லீங்க.”

“இடமே இல்லைங்கறப்ப எழுத என்ன இருக்கப் போவுது?” என்று தலைவர் ரப்பரை எடுத்தார். பேனாவில் எழுதியது ரப்பரில் போகவில்லை. தாள்தான் கிழிந்தது. “பாரு, வேலை வச்சிட்ட” என்று அதற்கும் எண்ணெய் அண்ணன்தான் திட்டு வாங்கினார்.

அன்று மாலை வீட்டில் கையைக்கூடக் கழுவாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய மனைவியும் அதே துறைதான், தலைமைக் காவலர். தெருவில் எல்லோரும் ஏட்டம்மா என்பார்கள். வீட்டிலும் அவர் கோபமாக இருக்கும்போது கணவர் அப்படித்தான் கூப்பிடுவார். இடுப்பு பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஏட்டம்மா தட்டு வைத்தார். எதிரே அவருடைய தம்பி ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அதே கிடங்கில் ஸ்டோர் கீப்பர். பொருள்களை எண்ணிக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, திரும்ப எண்ணி வைப்பது அவன் வேலை. வாரத்தில் ஐந்து நாள் அக்கா வீட்டில்தான் சாப்பாடு.

“விடுங்க மாமா. இதுக்கெல்லாமா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாங்க?” என்றான் மச்சினன். “கேட்டா ஃபாரின்தான் நல்லதுன்னு போட்டுட்டுப் போக வேண்டியதுதானே. உசத்தி உசத்திதான். இந்த நகவெட்டி பாருங்க, ஃபாரின். பதினஞ்சு வருசமாச்சு.”

“பதினஞ்சு வருசமா நகம் வெட்டற மாதிரி தெரியலையே” என்றார் ஏட்டம்மா.

“கலக்கக் கூடாதுங்கறதுதான்டா விஷயம். எது நல்லதுங்கறது விஷயமே இல்லை.”

“அதை எத்தனை தடவைங்க சொல்லுவீங்க? எனக்கே தூக்கத்துல கேக்குது” என்றார் ஏட்டம்மா.

“உனக்குக் கேட்டு என்ன புண்ணியம்? கேக்க வேண்டியவனுக்குக் கேக்கலையே.”

கோபத்துக்குக் காரணம் இருந்தது. வருடாந்தரக் கணக்கெடுப்பு என்று போன வாரம்தான் வேறு ஒரு குழு வந்திருந்தது. எண்ணுவதற்கு வசதியாக இரண்டு அலமாரியிலும் பிரித்து வைத்திருந்த அறுநூற்று இருபது மேகசின்களையும் ஒரே பெட்டியில் கொட்டி, எண்ணிக்கை சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. துப்பாக்கியிலாவது எந்த நாடு என்று முத்திரை இருக்கும். மேகசினில் ஒன்றும் இருக்காது. எண்ணெய் அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்து வெட்டை அளந்து பிரிக்க வேண்டும்.

பிரித்தார். மூன்று நாள். இனி ஒருவன் ஆயிரம் தடவை கொட்டினாலும் குழப்பம் வரக் கூடாது என்று, மெல்லிய தூரிகையில் வெள்ளை பெயிண்ட் தொட்டு ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் எழுத்து எழுதினார். இறக்குமதிக்கு ‘இ’. உள்நாட்டுக்கு ‘உ’. குழந்தைக்குக்கூடப் புரியும். அந்த நம்பிக்கையில் யாரிடமும் விளக்கவில்லை. பெயிண்ட் காய்வதற்குள் கமிட்டி அவரைத் தலைமை அலுவலகத்துக்கு அழைத்து, கிழிந்த படிவத்துக்குப் பதில் புதிய படிவம் கொடுத்து, நாற்பது கேள்விக்கும் மறுபடி எழுதச் சொன்னது. நான்கு நாள் அங்கேயே போயிற்று. அந்த நான்கு நாளில், வருடாந்தரச் சுடும் பயிற்சிக்காகத் துப்பாக்கிகளையும் மேகசின்களையும் எல்லோருக்கும் மச்சினன் எண்ணிக் கொடுத்து முடித்திருந்தான்.

பயிற்சி நாள் காலை. மண்மேட்டின் முன்னால் பன்னிரண்டு அட்டை இலக்குகள். நிழல் துணியின் கீழ் இரண்டு நாற்காலி, அவற்றில் கமிட்டி. ஐந்தாவது தடத்தில் ஏட்டம்மா, கையில் இறக்குமதித் துப்பாக்கி. எண்ணெய் அண்ணன் கருவிப் பெட்டியோடு பின்வரிசையில் நின்றார். விசில் ஊதியது.

முதல் சுற்று வெடித்தது. அதன் பிறகு, வெடிக்க வேண்டிய நேரத்தில், மண்மேட்டின் முன்னால் ஒரு விநோத அமைதி. பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் துப்பாக்கியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏட்டம்மாவின் துப்பாக்கி பாதி வாயைத் திறந்தபடி, இரண்டாவது தோட்டாவைக் கவ்விக்கொண்டு நின்றது.

எண்ணெய் அண்ணன் ஓடினார். அவர் ஓடி அந்தத் துறையில் யாரும் பார்த்ததில்லை. மேகசினை உருவித் திருப்பினார். அடியில், அவருடைய சொந்தக் கையெழுத்தில், அழகாக, ‘உ’.

“துப்பாக்கி இறக்குமதி. மேகசின் உள்நாடு” என்றார், யாரிடம் சொல்கிறோம் என்றே தெரியாமல். “கலந்துபோச்சு.”

நாற்காலிகள் எழுந்து வந்தன. “பாத்தீங்களா!” என்றார் தலைவர். “இறக்குமதித் துப்பாக்கி! ஒரே குண்டு, மூச்சு நின்னு போச்சு.”

“துப்பாக்கி என்ன சார் பண்ணும்? மேகசின் நம்ம சரக்காம். அவரே சொல்றார். எது சிக்க வச்சுதுன்னு தெரியலையா?” என்றார் கண்ணாடிக்காரர்.

“ஐயா, ரெண்டு மேலயும் தப்பில்லை...”

“நீ இருப்பா. நீதான் ரெண்டும் நல்லதுன்னவன்.” இது ஒன்றில் மட்டும் இருவரும் ஒற்றுமை. பிறகு தலைவர் ஏட்டம்மாவைப் பார்த்து, “ஒருவேளை பொம்பளைக் கை, பிடி பத்தலையோ என்னமோ” என்றார்.

ஏட்டம்மா துப்பாக்கியைச் சாய்த்து, சிக்கிய தோட்டாவைத் தட்டி வெளியே எடுத்தார். கணவர் பெட்டியில் தேடி நீட்டிய ‘இ’ போட்ட மேகசினை வாங்கிச் செருகினார். ஐந்து குண்டு. ஐந்தும் ஒரு மரவட்டை சுருண்டு படுக்கிற இடத்துக்குள். “பிடி பத்துதுங்களாய்யா?” என்று மட்டும் கேட்டார்.

ஆனால் எண்ணெய் அண்ணன் இலக்கைப் பார்க்கவில்லை. அவர் மனதுக்குள் கிழமைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

“நீ போன வாரம் கைதியக் கூட்டிட்டு கோர்ட்டுக்குப் போனியே, எத்தனை தடவை?”

“ரெண்டு தடவை. செவ்வாயும் வெள்ளியும். ஏன்?”

“இந்தத் துப்பாக்கியோடவா?”

“வேற எதோட? இதே துப்பாக்கி, இதே மேகசின்...” என்றவர் நிறுத்தினார். அந்தக் கைதி ஏற்கெனவே ஒரு தடவை வேனுக்குள் காவலரின் கழுத்தை நெரித்தவன். அடுத்த தேதி திங்கட்கிழமை. ஏட்டம்மா கணவரின் கையிலிருந்த ‘உ’ மேகசினை வாங்கிப் பார்த்தார். “ஒரே ஒரு குண்டோடயா போய்ட்டு வந்திருக்கேன்?”

கிடங்குக்குத் திரும்பியதும் மச்சினனைக் கம்பிவலைக்கு உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

“என்னடா எழுதியிருக்கு இதுல?” என்று ‘இ’யை அவன் மூக்குக்கு நேரே நீட்டினார் எண்ணெய் அண்ணன்.

“இ, மாமா.”

“‘இ’ன்னா என்ன?”

“இங்க செஞ்சது.”

எண்ணெய் அண்ணன் இன்னொரு மேகசினைத் தேடி எடுத்துத் திருப்பினார்.

“அப்ப ‘உ’?”

“உசத்தி. ஃபாரின்.” மச்சினன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “நீங்கதானே கலக்கக் கூடாதுன்னு உசுர வாங்குவீங்க. நான் ஒவ்வொண்ணா பாத்துப் பாத்துக் குடுத்தேன் மாமா. ஃபாரின் துப்பாக்கிக்கு உசத்தி, நம்ம துப்பாக்கிக்கு இங்க செஞ்சது. ஒண்ணுகூடத் தப்பில்லை.”

அதுதான் கொடுமை. ஒன்றுகூடத் தப்பில்லை. எழுத்தே இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு அள்ளிக் கொடுத்திருந்தால் பாதிப் பேருக்காவது சரியான மேகசின் போயிருக்கும். எண்ணெய் அண்ணன் முன்யோசனையோடு எழுதி வைத்ததால், மச்சினன் சிரத்தையோடு படித்ததால், கிட்டத்தட்ட எல்லோருக்குமே தப்பானது போய்ச் சேர்ந்திருந்தது. சுட்ட அந்த ஒரே ஒருவரும் மச்சினன் கொட்டாவி விட்ட நேரத்தில் வாங்கியவராக இருக்க வேண்டும்.

“உன் தம்பி...” என்று ஆரம்பித்தார்.

“உங்க எழுத்து” என்றார் ஏட்டம்மா. “ரெண்டும் சேந்துதான் எனக்குப் பாடை கட்டப் பாத்துச்சு. திங்கக்கெழமைக்குள்ள சரி பண்ணுங்க. பேசிட்டே நிக்காதீங்க.”

மறுநாள் விடுமுறை. மேகசின்களை எல்லாம் திரும்ப வாங்கி மூவருமாக உட்கார்ந்தார்கள். இனி எழுத்தே வேண்டாம் என்று முடிவாயிற்று. எழுத்து இருந்தால் படிப்பார்கள், படித்தால் அர்த்தம் பண்ணுவார்கள். நிறம் போதும். இறக்குமதித் துப்பாக்கியின் கைப்பிடி அடியில் ஒரு சிவப்புப் பொட்டு, அதன் மேகசினிலும் சிவப்புப் பொட்டு. உள்நாட்டுக்கு ஒன்றும் இல்லை. சிவப்பு பெயிண்ட்டுக்கு மனு போட்டால் ஆறு வாரம் ஆகும். ஏட்டம்மா கைப்பையைத் துழாவி நகப்பூச்சுப் புட்டியை எடுத்து மேசையில் வைத்தார்.

“ஃபாரினாக்கா?” என்றான் மச்சினன்.

“தெருமுனைக் கடை. பூசுடா.”

இருநூற்று எண்பது மேகசின், நூற்று நாற்பது கைப்பிடி. நாலரைப் புட்டி ஆயிற்று. கிடங்கில் இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக எண்ணெய் வாசனையை வேறொரு வாசனை ஜெயித்தது.

திங்கட்கிழமை ஏட்டம்மா சிவப்புக்குச் சிவப்பு பொருத்திக்கொண்டு கோர்ட்டுக்குப் போய் வந்தார். கைதி வழியெல்லாம் தூங்கினான். எண்ணெய் அண்ணன் அன்று ஒரு வேலையும் பார்க்கவில்லை. வேன் திரும்பி வரும் வரைக்கும் ஒரே துப்பாக்கியை ஒன்பது தடவை துடைத்தார்.

கமிட்டி தன் அறிக்கையைக் கொடுத்தது. தலைவர் உள்நாட்டுக்குக் குறியிட்டார். கண்ணாடிக்காரர் தனிக் கடிதத்தில் இறக்குமதிக்குக் குறியிட்டார். மேலிடம் இரண்டையும் பரிசீலித்து, இரண்டிலும் பாதிப் பாதி வாங்கலாம் என்று நியாயமாக முடிவு செய்தது. அதாவது, இன்னும் நன்றாகக் கலக்கலாம் என்று. அறிக்கை முப்பத்தெட்டுப் பக்கம். எண்ணெய் அண்ணன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேடினார். அவருடைய ஒரு வரி எங்கும் இல்லை.

அதற்குப் பதிலாக அவருக்கு ஒரு மெமோ வந்தது. அரசுச் சொத்தான ஆயுதங்களின் மீது முன் அனுமதியின்றிப் பெண்கள் உபயோகிக்கும் நகப்பூச்சைப் பூசியது ஏன்? மூன்று நாளுக்குள் விளக்கம் தரவும்.

அவர் இடிந்துபோய் உட்கார்ந்தார். “நல்லது பண்ணப் போனா மெமோ. இருபத்தாறு வருசத்துல முதல் மெமோ. அதுவும் நகப்பூச்சுக்கு.”

ஏட்டம்மா மெமோவை இரண்டு தடவை படித்தார். முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. “என்னங்க, போன வருசம் அந்த டிரைவர் வண்டிய மரத்துல விட்டப்போ விளக்கம் எழுதினாரே, ஞாபகம் இருக்கா? இடுப்பு வலியப் பத்தி மூணு பக்கம்.”

“அதைத்தான் காலை அணிவகுப்புல நிக்க வச்சு முழுசா வாசிச்சாங்களே. சிரிச்சுச் சிரிச்சு...” அவர் நிறுத்தினார்.

விளக்கக் கடிதத்தில் ஒரு எழுத்தைக்கூட வெட்டக் கூடாது என்பது அந்தத் துறையின் விதி. தப்பு செய்தவர் வெட்கப்பட வேண்டும், மற்றவர்கள் பயப்பட வேண்டும் என்பதற்காக எல்லோர் முன்னாலும் அதை வாசிப்பார்கள். பிறகு கோப்பில் தைப்பார்கள். ஆலோசனைக்கு அங்கே இடம் இல்லை. குற்றத்துக்கு எவ்வளவு பக்கம் வேண்டுமானாலும் உண்டு.

எண்ணெய் அண்ணன் எழுதினார். இரண்டு வகையிலும் குறை இல்லை என்று எழுதினார். வெட்டையும் நகக் கனத்தையும் படம் போட்டே காட்டினார். ‘இ’யையும் ‘உ’வையும் எழுதியது தன் தவறு என்று ஒப்புக்கொண்டார். கடைசி வரியைத் தனிப் பத்தியாக, அடிக்கோடு போட்டு எழுதினார்.

அடுத்த வாரம் காலை அணிவகுப்பு. முந்நூறு பேர் நிற்கிறார்கள். குற்ற விளக்கத்தை வாசிக்க வேண்டியவர் அன்றைய பணியில் இருக்கும் தலைமைக் காவலர். ஏட்டம்மா தாளை விரித்தார். நகப்பூச்சு என்ற சொல் வந்ததும் பின்வரிசையில் சிரிப்பு ஓடியது. ஒரே குண்டோடு இரண்டு தடவை கைதிக் காவலுக்குப் போன கதை வந்ததும் அது நின்றது. அநேகம் பேருடைய கை தன்னை அறியாமல் தன் இடுப்புக்குப் போயிற்று.

“ஒரு வகையின் மேகசினை மற்றதோடு கலக்கக் கூடாது” என்று கடைசி வரியை வாசித்தார் ஏட்டம்மா. காற்றில் தாள் படபடத்தது. சரியாகக் கேட்டிருக்காது என்ற சாக்கில் இன்னொரு தடவை வாசித்தார், மண்மேடு வரை கேட்கும் குரலில்.

அணிவகுப்பு கலைந்தது. ஜன்னலுக்கு வெளியே நீண்ட வரிசை. ஒவ்வொருவரும் துப்பாக்கியைக் கவிழ்த்து, மேகசினைக் கவிழ்த்து, சிவப்புக்குச் சிவப்பு பார்த்து வாங்கிக்கொண்டு போனார்கள். எண்ணெய் அண்ணன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துணியில் எண்ணெய் இருந்ததால் கண் எரிந்தது.

வரிசை முடிந்ததும், பக்கத்தில் நின்று கையெழுத்து வாங்கிய மச்சினன் பேரேட்டை மூடிவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“மாமா, இப்பதான் யாரும் இல்லையே. நமக்குள்ளயே இருக்கட்டும். நிஜமாச் சொல்லுங்க, ரெண்டுல எது நல்லது?”